சமமா நடத்துங்கனு கேக்கறது தப்புங்களா?

போன இதழ்ல, வேலை செய்யற எடத்துல உங்கள வேத்துமையா நடத்தறாங்களா, எழுதுங்கனு ஒரு சின்ன அறிவிப்பு போட்டிருந்தோம். திருப்பூர், கரூர், நாமக்கல், கணபதி, சரவணம்பட்டினு நம்ம பக்கத்துல இருந்தே கடுதாசியும் வாட்ஸ்அப்புமா வந்து குவிஞ்சிருச்சு. எல்லாத்தையும் படிச்சதுல ஒண்ணு தெரிஞ்சுது, பாதிப் பேருக்கு தனக்கு நடக்கறது பாகுபாடுதானான்னே சந்தேகம். யாரும் அடிக்கல, யாரும் வையல, ஆனா மனசுக்குள்ள என்னமோ உறுத்திக்கிட்டே இருக்குதுங்கறாங்க. அந்த உறுத்தல நான் லேசா எடுத்துக்கல, பாகுபாடு பெரும்பாலும் அப்படித்தான் வரும், சத்தமில்லாம. பேரையும் கம்பெனியையும் எடுத்துட்டு, எழுதினவங்கள யாருக்கும் அடையாளம் தெரியாத மாதிரி சுருக்கி போட்டிருக்கோம்.

கேள்வி: அக்கா, நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில ஓவர்லாக் டைலர். பக்கத்து மிஷின் ஓட்டற அண்ணனுக்கு ஷிப்ட் சம்பளம் என்னைய விட எச்சா. ரெண்டு பேரும் ஒரே ஸ்டைல், ஒரே பீஸ்தான் தைக்கறோம், சில நாள் நான்தான் அதிகம் எடுக்கறேன். சூப்பர்வைசர்ட்ட கேட்டா "அவரு குடும்பத்தக் காப்பாத்தற ஆம்பள, உனக்குத்தான் ஊட்டுக்காரர் சம்பாதிக்கறாரே"ங்கறாரு. மேல கேட்டா வேலை போயிருமோனு பயமா இருக்குது. (வாசகி, திருப்பூர்)

பதில்: அம்மிணி, சம்பளம்ங்கறது செஞ்ச வேலைக்கு. வூட்டுல எத்தன பேர் சம்பாதிக்கறாங்கங்கறதுக்கு இல்ல. உங்க சூப்பர்வைசர் கணக்குப்படியே போனா கல்யாணமாகாத பையனுக்கு எல்லாத்தையும் விட கம்மியாவும், புருசன் இல்லாம ரெண்டு புள்ளைய ஒத்தையா வளக்கற அம்மாவுக்கு எல்லாத்தையும் விட எச்சாவும் குடுக்கணும். எந்த கம்பெனிலயாவது அப்படிக் குடுத்து பாத்திருக்கீங்களா? அந்தக் கணக்கு பொம்பளைக்கு கொறைக்கறதுக்கு மட்டும்தான் வெளிய வருது.

ஒரே வேலைக்கு, இல்ல ஒரே மாதிரியான வேலைக்கு, ஆணுக்கு ஒண்ணு பொண்ணுக்கு ஒண்ணுனு கூலி குடுக்கக் கூடாதுனு 1976லயே சம ஊதியச் சட்டம் வந்தாச்சு. இப்போ அது 2019 ஊதியச் சட்டத் தொகுப்புக்குள்ள சேந்திருச்சு, 2025 நவம்பர் 21ல இருந்து அமல்ல இருக்குது. ஆள் எடுக்கறப்பவும் ஆண் பெண் பாக்கக் கூடாதுனு அதுலயே சொல்லியிருக்குது. இன்னொண்ணும் தெரிஞ்சுக்குங்க, உங்களுக்கு சமமாக்கறேன்னு சொல்லிட்டு அந்த அண்ணன் சம்பளத்தக் கொறைக்க முடியாது, அதையும் சட்டமே தடுக்குது. இத அவருகிட்ட சொல்லுங்க, ஏன்னா பல எடத்துல பக்கத்து மிஷின்காரங்களே "நீ கேட்டா எனக்கு கொறைச்சிருவாங்க"னு வாய அடைக்கறாங்க, அந்த பயத்துக்கு எடமே இல்ல.

"கம்பெனிக்கு கட்டுபடியாகாது"னு சொல்லுவாங்க. இதே வாதத்த 1987ல மெக்கின்னன் மெக்கன்சிங்கற கப்பல் கம்பெனி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் முன்னால வெச்சாங்க, பெண் ஸ்டெனோகிராபருக்கு ஆணுக்குக் குடுக்கறத விட கம்மியா குடுத்திருந்தாங்க. கம்பெனியோட பண நெலமையக் காரணமா காட்டி பாகுபாடா சம்பளம் குடுக்க சட்டத்துல வழியில்லனு கோர்ட் சொல்லிருச்சு. ஆர்டர் கொறஞ்சிருச்சு, நூல் வெல ஏறிருச்சுங்கறதெல்லாம் எல்லாருக்கும் பொதுவான கஷ்டம், அத பொம்பளைங்க தலைல மட்டும் எறக்க முடியாது.

உங்க கதைல வேலை ஒண்ணுங்கறது கண்ணுக்கு நேரா தெரியுது. தெரியாத எடம்தான் பெருசு. பனியன் கம்பெனிக்குள்ள ஒரு சுத்து வந்து பாருங்க, கட்டிங் மாஸ்டர், அயர்ன் மாஸ்டர் பெரும்பாலும் ஆம்பளைங்க, கைமடி (டைலருக்கு கூட நின்னு உதவறவங்க), பிசிறு வெட்டறது, செக்கிங் பெரும்பாலும் பொம்பளைங்க. கைமடியா சேந்த பையன் மத்தியானம் சோத்து நேரத்துல காலியா கெடக்கற மிஷின்ல உக்காந்து வேஸ்ட் துணியில ஓட்டிப் பழகறான், மாஸ்டரும் "ஓட்டு ஓட்டு"னு விட்டர்றாரு, ஒரு வருசத்துல டைலராயிடறான். அதே மிஷின்ல ஒரு பொண்ணு உக்காந்தா "ஊசி ஒடஞ்சா யாரு காசு குடுக்கறது, எந்திரி"ங்கறாங்க. அவ பத்து வருசமானாலும் கைமடிதான். அப்புறம் சம்பளப் பட்டியலப் பாத்தா எல்லாம் சரியாத்தான் இருக்கும், கைமடிக்கு கைமடி ரேட்டு, டைலருக்கு டைலர் ரேட்டு. பாகுபாடு சம்பளத்துல நடக்கல, பழக விடாததுலதான் நடந்துச்சு, அது எந்த பேப்பர்லயும் பதிவாகாது. எனக்கு நெஞ்சு எரியறது இதப் பாத்துத்தான்.

சரி, இப்போ என்ன செய்யறது. ஒத்தையா போய் கேக்காதீங்க. உங்க லைன்ல இருக்கற மத்த பொம்பளைங்களோட ரேட்டையும் கேட்டு ஒரு நோட்டுல எழுதுங்க, தேதி, ஸ்டைல், எத்தன பீஸ், சனிக்கிழமை கைக்கு எவ்வளவு வந்துச்சு. சம்பளச் சீட்டு குடுத்தா பத்திரமா வையுங்க, குடுக்கலைனா கேளுங்க, குடுக்க வேண்டியது அவங்க கடமை. திருப்பூர்ல முதலாளிங்க சங்கமும் தொழிற்சங்கங்களும் உக்காந்து பேசி கூலி ஒப்பந்தம் போடற வழக்கம் இருக்குது, அதுல உங்க வேலைக்கு என்ன ரேட்டுனு எந்த தொழிற்சங்கத்துல போய் கேட்டாலும் சொல்லுவாங்க. இதே ஊர்லதான் 1984ல பஞ்சப்படி கேட்டு நாலு மாசத்துக்கு மேல ஸ்டிரைக் நடந்துச்சு, கேட்டா கெடைக்காதுனு யாரும் அன்னைக்கு நெனைக்கல. பேசி நடக்கலைனா தொழிலாளர் துறைக்கு எழுதிக் குடுக்கலாம், பழைய பாக்கிய மூணு வருசம் வரைக்கும் கேக்க புது சட்டத் தொகுப்புல வழி இருக்குது. வேலை போகாதுனு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா பத்து டைலர் ஒட்டுக்கா போய் கேட்டா ஷிப்மென்ட் நேரத்துல பத்து பேரையும் அனுப்ப எந்த கம்பெனியும் யோசிக்கும்.

கேள்வி: அக்கா, சரவணம்பட்டில ஒரு ஐடி கம்பெனில சேந்தேன். மொத வாரமே டீம் லீட் பிரியமா பேசினாரு. எந்த ஊரு, ஊருக்குள்ள எந்தப் பக்கம், குலதெய்வம் கோயில் எங்க, கடைசியா "நீங்க என்ன கூட்டம்?"னு, அதாவது ஜாதிக்குள்ள எந்த குலம்னு கேட்டாரு. நான் மழுப்பிட்டேன், அவருக்கு புரிஞ்சிருக்கும் போல. மொதல்ல ஒட்டுக்கா சாப்பிட்டவங்க இப்போ நான் போறதுக்குள்ள சாப்பிட்டு முடிச்சர்றாங்க. யாரும் ஒரு வார்த்தை தப்பா பேசல. இத எப்படி புகாரா சொல்றது? (வாசகர், கோவை)

பதில்: தம்பி, உங்களுக்கு புரிஞ்சது சரிதான், நீங்களா கற்பனை பண்ணிக்கல. நம்ம பக்கத்துல குலதெய்வம் கேக்கறது ரொம்ப சாதாரணமான விசாரிப்பு மாதிரி இருக்கும், கேக்கறவங்கள்ல பல பேருக்கு அது எவ்வளவு ஆழமா குத்தும்னே தெரியாது. 1929ல செங்கல்பட்டுல நடந்த சுயமரியாதை மாநாட்டுல பேருக்குப் பின்னால ஜாதிப் பட்டம் போடறத விடணும்னு தீர்மானம் போட்டாங்க, அத நடத்தினவரு நம்ம ஈரோட்டு பெரியார். பேர்ல இருந்து ஜாதி போச்சு. ஆனா தெரிஞ்சே ஆகணும்ங்கற ஆசை போகல, அதனால பேரப் பாத்து கண்டுபுடிக்க முடியாதவங்க ஊர், தெரு, கோயில், கூட்டம்னு சுத்தி வந்து கண்டுபுடிக்கறாங்க. ஏசி போட்ட ஆபீஸ்ல கண்ணாடி கதவுக்குள்ள உக்காந்தும் அந்தக் கேள்வி வருதுன்னா அது எவ்வளவு தூரம் நமக்குள்ள ஊறியிருக்குதுனு பாத்துக்குங்க.

சட்டத்துல என்ன இருக்குதுனு உள்ளபடியே சொல்றேன். தீண்டாமைய அரசியல் சட்டத்தோட 17ம் பிரிவு ஒழிச்சிருச்சு, 1955ல குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, 1989ல வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்துச்சு. பட்டியல் சாதி, பழங்குடி சமூகத்தவர நாலு பேர் பாக்கற எடத்துல ஜாதி பேர் சொல்லி வஞ்சா கேஸ், அத டிஎஸ்பி அந்தஸ்துல இருக்கறவங்கதான் விசாரிக்கணும். 2018ல அவினாசி பக்கத்துல ஒரு ஸ்கூல்ல சத்துணவு சமைக்க வந்த அம்மாவ, அவங்க பட்டியல் சமூகம்ங்கறதால சமைக்கக் கூடாதுனு ஊர்க்காரங்க கொஞ்சப் பேர் தடுத்தாங்க, அதிகாரிங்க அந்தம்மாவையே எடம் மாத்துனாங்க, அப்புறம் எதிர்ப்பு கெளம்பி மாத்தல ரத்து பண்ணி, இதே சட்டத்துல கேஸ் பதிவாச்சு. மொதல்ல பாதிக்கப்பட்டவங்களத்தான் எடத்த விட்டு நகத்துனாங்கங்கறத கவனிங்க. கம்பெனிகள்லயும் அதுதான் நடக்குது, "உங்களுக்கு வேற டீம் பாத்து தர்றோம்"ம்பாங்க.

ஆனா உங்களோட உக்காந்து சாப்பிடணும்னு யாரையும் எந்த சட்டமும் கட்டாயப்படுத்தாது. தனியார் கம்பெனில ஆள் எடுக்கறதுலயும் பதவி உயர்வுலயும் ஜாதி பாக்கறத நேரடியா தடுக்க தனியா ஒரு முழுச் சட்டமும் நம்ம நாட்டுல இல்ல, அது பெரிய ஓட்டை, அத அடைக்கணும்னு நான் நெனைக்கறேன். அதனால சாப்பாட்டு மேசைய விட்டுட்டு வேலை மேசையப் பாருங்க. மீட்டிங்குக்கு கூப்பிடறது நின்னுச்சா, நல்ல ப்ராஜெக்ட் வேற ஆளுக்கு போகுதா, அப்ரைசல்ல மார்க் கொறஞ்சுதா, உங்களுக்கு வர வேண்டிய மெயில் வராம போகுதா? அப்படி நடந்தா தேதியோட குறிச்சு வையுங்க. பெரிய கம்பெனிங்க பெரும்பாலும் பாகுபாடு கூடாதுனு கொள்கை வெச்சிருக்கும், வெளிநாட்டு கிளையண்ட்டுக்காகவாவது வெச்சிருக்கும். அதக் காட்டி எச்ஆர்ட்ட எழுத்துல கேளுங்க. அடுத்த தடவ யாராவது கூட்டம் கேட்டா "அத விடுங்கண்ணா, வேலையப் பேசுவோம்"னு சிரிக்காம சொல்லுங்க. மழுப்ப வேண்டியது நீங்க இல்ல.

இதப் படிக்கற டீம் லீடுகளுக்கும் சொல்றேன், நல்ல எண்ணத்துலதான் கேட்டேன்னு நெனைச்சீங்கன்னா கூட, புதுசா வந்த புள்ளைட்ட தயவு செஞ்சு அந்தக் கேள்விய கேக்காதீங்க.

கேள்வி: ஏனுங்க, பல்லடம் பக்கம் தறி ஓட்டறவன் நான். இப்ப எங்க பாத்தாலும் வடக்கத்திப் பசங்கதான், கம்மி கூலிக்கு வந்து நம்ம பொழப்ப கெடுக்கறாங்க. நீங்க எழுதற சமத்துவம் அவங்களுக்கும் சேத்துத்தானுங்களா? (வாசகர், பல்லடம்)

பதில்: ஆமாங்கண்ணா, அவங்களுக்கும் சேத்துத்தான். உங்க கோவம் புரியுதுங்க, கூலி ஏறாம விலைவாசி மட்டும் ஏறறப்ப யாருக்கும் வரும். ஆனா யார் மேல கோவப்படணும்ங்கறதுல நீங்களும் நானும் வேற வேறயா நிக்கறோம். பீகார்ல இருந்தும் ஒடிசால இருந்தும் வர்ற பையன் "எனக்கு கம்மியா குடுங்க"னு கேட்டு வர்றதில்ல. ஏஜெண்ட் ஒருத்தன் கூட்டிட்டு வர்றான், வந்த பொறகு ரூம் வாடகை, சாப்பாடுனு புடிச்சிட்டு மிச்சத்த குடுக்கறான், பாஷை தெரியாது, கேள்வி கேக்கத் தெரியாது. பன்னெண்டு மணி நேரம் நிக்க வெக்கறாங்க, எட்டு மணி நேரத்துக்கு மேல ஓட்டறதுக்கு ரெட்டிப்புக் கூலி குடுக்கணும்ங்கறது அவனுக்கு யாரும் சொல்றதில்ல. அவனுக்கு கம்மியா குடுக்க முடியற வரைக்கும் உங்களுக்கு ஏத்திக் குடுக்க மொதலாளிக்கு எந்த அவசியமும் இல்லீங்க. அவனுக்கு உங்க கூலி கெடைச்சிருச்சுன்னா, உங்கள விட்டுட்டு அவன கூப்பிட காரணமே இல்லாம போயிரும்.

வேற மாநிலத்துல இருந்து கூட்டிட்டு வர்றவங்களுக்கு, அதே வேலை செய்யற உள்ளூர்க்காரருக்கு குடுக்கற கூலியக் குடுக்கணும்னு 1979லயே மாநிலங்களுக்கு இடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் சொல்லியிருந்துச்சு, 2025 நவம்பர் 21ல அந்தச் சட்டம் புது சட்டத் தொகுப்புக்குள்ள போயிருச்சு. குறைந்தபட்ச கூலிங்கறதும் பீகார்காரருக்கு ஒண்ணு, பல்லடத்துக்காரருக்கு ஒண்ணுனு கெடையாது.

2023 மார்ச்ல நடந்தது ஞாபகம் இருக்குதுங்களா? தமிழ்நாட்டுல வடமாநில ஆளுங்கள அடிச்சுக் கொல்றாங்கனு பொய் வீடியோ பரவுச்சு, வேற எங்கயோ எடுத்தத இங்க நடந்த மாதிரி போட்டாங்க, போலீஸ் பொய்னு சொன்ன பொறகும் பசங்க பயந்துட்டு ஊருக்கு ரயில் ஏறினாங்க, திருப்பூர்ல கம்பெனிக்காரங்க கையப் பெசஞ்சுட்டு நின்னாங்க. ஒரு வதந்திக்கு அவ்வளவு பேர் நடுங்கினாங்கன்னா, அதுக்கு முன்னாலயே அவங்க இங்க எந்த பாதுகாப்பு உணர்வும் இல்லாமத்தான் இருந்திருக்காங்க.

நீங்க நாளைக்கே செய்யக் கூடியது ரெண்டு இருக்குதுங்க. உங்க பக்கத்து தறில நிக்கறவன "இந்திக்காரா"னு கூப்பிடறத விட்டுட்டு பேரக் கேட்டு கூப்பிடுங்க. அப்புறம் செவுத்துல ஒட்டியிருக்கற எச்சரிக்கை பலகைய பாருங்க, கரண்ட் மெயின் எங்க, தீப்புடிச்சா எந்த வழியா ஓடணும்னு தமிழ்ல மட்டும்தான் எழுதியிருக்கும். பாதி ஆளுக்கு படிக்கத் தெரியாத பலகை இருந்து என்னங்க பிரயோசனம், இந்திலயும் ஒடியாலயும் எழுதி ஒட்டச் சொல்லுங்க. தீ வந்தா அவன் முழிச்சுட்டு வழில நின்னா நீங்களும்தான் வெளிய வர முடியாது.

கேள்வி: கணபதில சின்ன லேத் பட்டறை வெச்சிருக்கேங்க, பதினாலு பேர் வேலை செய்யறாங்க. காது கேக்காத பையன் ஒருத்தன வேலைக்கு எடுத்திருக்கேன், எல்லாருக்கும் குடுக்கற சம்பளம்தான் அவனுக்கும், எல்லாரையும் ஒரே மாதிரிதான் நடத்தறேன். ஆனா அவன் மூஞ்சிய தூக்கி வெச்சிட்டே இருக்கான், அவங்கம்மா வந்து "என்ற பையன ஒதுக்கறீங்க"ங்கறாங்க. நான் என்னங்க தப்பு பண்ணினேன்? (வாசகர், கோவை)

பதில்: வேலை குடுத்தீங்க, சம்பளத்துலயும் கொறை வெக்கல, அதுக்கே உங்கள மதிக்கறேங்க. ஆனா எல்லாரையும் ஒரே மாதிரி நடத்தறதுலயேதான் இங்க சிக்கல் இருக்குது. பட்டறைல நீங்க விசயத்த எப்படி சொல்றீங்கனு யோசிச்சு பாருங்க. மோட்டார் சத்தத்துக்கு மேல கத்தி சொல்லுவீங்க, "நாளைக்கு காலைல ஆறு மணிக்கே வந்துருங்க, அர்ஜெண்ட் ஜாப்"னு போற போக்குல சொல்லுவீங்க, ஓவர்டைம் யாரு பாக்கறீங்கனு டீக்கடைல நின்னு கேப்பீங்க. பதிமூணு பேர் காதுல விழுந்துச்சு, அவனுக்கு விழல. அப்புறம் அவன் லேட்டா வந்தான்னு வைவீங்க, ஓவர்டைம் காசும் அவனுக்கு இல்ல. நீங்க வேணும்னு செய்யல, ஆனா மாசக் கடைசில அவன் கைல காசு கொறையுதே.

2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை குறைபாட்ட கணக்குல எடுத்திருக்குது, அதுல முக்கியமான விசயம், தேவையான நியாயமான வசதிய செஞ்சு குடுக்க மறுக்கறதையும் பாகுபாடாத்தான் அந்த சட்டம் பாக்குது. உங்க பட்டறைக்கு பெரிய செலவெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. வாசல்ல ஒரு போர்டு வெச்சு அன்னன்னைக்கு வேலை, ஓவர்டைம், நேரம் எல்லாம் எழுதிப் போடுங்க. அவன்கிட்ட பேசறப்ப மிஷின நிறுத்திட்டு மூஞ்சிக்கு நேரா நின்னு பேசுங்க, இல்லைனா போன்ல மெசேஜ் அனுப்புங்க. பஸ்ஸர் அடிக்கற எடத்துலயெல்லாம் கூடவே ஒரு செகப்பு லைட் போடுங்க. முதுகுப் பக்கமா போய் தோளத் தொட்டு கூப்பிட வேண்டாம்னு எல்லாருக்கும் சொல்லிருங்க, லேத்துல சக் (இரும்பப் புடிச்சு சுத்தற பாகம்) சுத்திட்டு இருக்கறப்ப திடுக்குனு திரும்பினா கைய இழுத்துரும். அவன் அம்மாவ ஒரு நாள் கூப்பிட்டு வெச்சு அவன்ட்டயே என்ன வேணும்னு கேளுங்க, நமக்குத் தோணாதது அவனுக்குத் தெரியும்.

கேள்வி: நாமக்கல்ல முட்டை வியாபார ஆபீஸ்ல கணக்கு எழுதறேன். மொத்தமே ஆறு பேர். மொதலாளியோட சொந்தக்காரர் ஒருத்தர் பில் குடுக்கற சாக்குல கையப் புடிக்கறது, ராத்திரில மெசேஜ் பண்றதுனு இருக்காரு. ஊட்டுல சொன்னா வேலைய விட்டுரும்பாங்க. சின்ன ஆபீஸ்ங்கறதால கமிட்டியெல்லாம் இல்ல. (பேர் வேண்டாம்)

பதில்: கண்ணு, உங்க மேல ஒரு தப்பும் இல்ல, இதப் பல தடவ உங்களுக்கே சொல்லிக்குங்க. பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற எடத்துல பாலியல் தொந்தரவு புகார விசாரிக்க உள்ளகக் குழு கட்டாயம் இருக்கணும், வெக்கலைனா 50,000 ரூபா வரைக்கும் அபராதம். பத்துக்கு கொறைவா இருந்தா உங்கள விட்டுட்டாங்கனு அர்த்தமில்ல, வேலை எடத்துல பெண்களுக்கு நடக்கற பாலியல் தொந்தரவத் தடுக்க வந்த 2013 சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துலயும் உள்ளூர் குழு ஒண்ணு இருக்குது, கலெக்டர் ஆபீஸ்ல, மாவட்ட சமூகநலத் துறைல கேட்டா சொல்லுவாங்க. தொந்தரவு பண்றது மொதலாளியேன்னாலும் அங்கதான் போகணும், எத்தன பேர் வேலை செஞ்சாலும்.

நடந்து மூணு மாசத்துக்குள்ள புகார் குடுக்கணும், தொடர்ந்து நடக்குதுன்னா கடைசியா நடந்ததுல இருந்து கணக்கு. சரியான காரணம் இருந்தா இன்னொரு மூணு மாசம் அவங்க நீட்டிக்கலாம். எழுத வரலைனா எழுதறதுக்கு குழுவே உதவி பண்ணணும். விசாரணைய 90 நாளுக்குள்ள முடிக்கணும். அந்த மெசேஜ் எதையும் அழிச்சர்றாதீங்க, பாக்கவே அருவருப்பா இருந்தாலும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நம்பிக்கையான ஒருத்தருக்கு அனுப்பி வையுங்க.

நம்ம பக்கத்துல இது நடந்தா ஒடனே நாலு பெரிய மனுசங்க வந்து "பேசி முடிச்சுக்கலாம் அம்மிணி, குடும்ப மானம்"னு உக்காருவாங்க. சமரசம் வேணுமா வேண்டாமாங்கறது நீங்க கேட்டாத்தான், வேற யாரும் உங்க மேல திணிக்க முடியாது, அதுலயும் காசு குடுத்து முடிக்கறத சமரசத்துக்கு அடிப்படையா வெக்கவே கூடாதுனு சட்டத்துலயே இருக்குது. உங்க வூட்டு ஆளுங்களுக்கும் ஒண்ணு, பொண்ண வேலைய விட்டு நிறுத்தினா தப்பு செஞ்சவன் அதே நாற்காலிலதான் உக்காந்திருப்பான், அடுத்து வேற ஒரு பொண்ணு வருவா.

கேள்வி: அரசு ஆபீஸ்ல பட்டியல் சாதி ஒதுக்கீட்டுல ஜூனியர் அசிஸ்டெண்ட்டா சேந்திருக்கேன் மேடம். ஒரு சின்ன தப்பு நடந்தாலும் "கோட்டால வந்தா இப்படித்தான்"னு காதுல விழற மாதிரி பேசறாங்க. (வாசகி, ஈரோடு)

பதில்: தமிழ்நாட்டுல அரசு வேலைல 69 சதவீதம் இட ஒதுக்கீடு. பிற்படுத்தப்பட்டோருக்கு 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, பட்டியல் சாதிக்கு 18, பழங்குடிக்கு 1. உங்க ஆபீஸ்ல அப்படிப் பேசறவங்களோட பணிப்பதிவேட்ட எடுத்துப் பாத்தா பெரும்பாலானவங்க அந்த 69க்குள்ளதான் இருப்பாங்க. 30ல வந்தவருக்கு அது உரிமையாவும், 18ல வந்த உங்களுக்கு மட்டும் அது சலுகையாவும் எப்படிம்மா தெரியும்? பரீட்சை நீங்களும் எழுதித்தான் வந்தீங்க. தப்பு நடந்தா தப்ப மட்டும் சுட்டிக்காட்டச் சொல்லுங்க, மேலதிகாரிக்கு எழுத்துல குடுங்க, ஜாதிய சேத்துப் பேசறது தொடர்ந்தா மேல சரவணம்பட்டி தம்பிக்கு சொன்ன 1989 சட்டம் உங்களுக்கும் இருக்குது. 2021ல அமைஞ்ச மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையத்துக்கும் மனு அனுப்பலாம்.

கேள்வி: கரூர்ல செக்கிங் வேலை, இப்போ மூணு மாச கர்ப்பம். "நீயா எழுதிக் குடுத்துட்டு போயிரு, குழந்தை பொறந்து வந்தா மறுபடி சேத்துக்கறோம்"ங்கறாங்க. எழுதிக் குடுக்கலாமா? (வாசகி, கரூர்)

பதில்: எழுதிக் குடுக்காதீங்க. அந்த ஒரு கடுதாசில உங்க சர்வீஸும் போயிரும், பிரசவச் சம்பளத்துக்கும் சிக்கல் வரலாம். சம்பளத்துல இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) புடிக்கறாங்கன்னா, பிரசவத்துக்கு முந்தின ரெண்டு பங்களிப்புக் காலத்துல (ஒண்ணு ஆறு மாசம்) 70 நாள் பணம் கட்டியிருந்தா மொத ரெண்டு பிரசவத்துக்கு 26 வாரத்துக்கு முழுச் சம்பளம் இஎஸ்ஐலயே வரும், அதுக்குனு கம்பெனி தனியா ஒத்த ரூபா போடறதில்ல. இஎஸ்ஐ இல்லைனா கம்பெனி குடுக்கணும், அதுக்கு முந்தின ஒரு வருசத்துல 80 நாள் வேலை பாத்திருந்தா போதும். பிரசவ லீவுல இருக்கறவங்கள வேலைய விட்டு எடுக்கறது சட்டப்படி செல்லாது. ஸ்கேன் ரிப்போர்ட்ட வெச்சு "கர்ப்பமா இருக்கேன், இந்தத் தேதில இருந்து லீவு வேணும்"னு ஒரு நோட்டீஸ் எழுதிக் குடுங்க, வெறும் பேப்பர்ல கையெழுத்து கேட்டா போடவே போடாதீங்க.

கேள்வி: புகார தமிழ்லயே எழுதலாமுங்களா? எப்படி எழுதறது? (வாசகர், பெருந்துறை)

பதில்: தாராளமா தமிழ்ல எழுதுங்க, நீங்க பேசற தமிழ்ல எழுதினாலும் போதும். "என்ன கேவலமா நடத்தறாங்க"னு பொதுவா எழுதினா யாராலயும் விசாரிக்க முடியாது. எந்தத் தேதி, எத்தன மணி, எந்த எடம், யாரு, என்ன வார்த்தை சொன்னாங்க, பக்கத்துல யாரெல்லாம் இருந்தாங்க, அதுனால உங்களுக்கு என்ன நட்டம், கடைசியா உங்களுக்கு என்ன வேணும், இவ்வளவும் வரணும். அவங்க சொன்ன வார்த்தைய நாகரிகத்துக்காக மாத்தி எழுதாதீங்க, சொன்னபடியே எழுதுங்க, கேஸ் நிக்கறது அந்த வார்த்தைலதான். ரெண்டு காப்பி எடுத்து ஒண்ண குடுத்துட்டு, இன்னொண்ணுல தேதி போட்டு வாங்கினேன்னு கையெழுத்தும் சீலும் வாங்கிக்குங்க. வாங்க மாட்டேன்னா ஸ்பீட் போஸ்ட்ல பதிவு செஞ்சு அனுப்புங்க, அந்த ரசீத தூக்கிப் போட்டுறாதீங்க.